நோர்வேயிலிருந்து வந்த சிநேகிதன்

பஸ்தியாம்பிள்ளை அன்றைக்குக் கமராவைப் பார்த்திருக்கக் கூடாது. கிறிஸ்துநாயகத்தின் நெஞ்சுக்குள் ஒன்பது வருடமாகக் கிடந்து உறுத்திய மனத்தாங்கல் அதுதான். ஒருத்தி கமராவைத் தூக்கினால் தலையைக் குனிந்துகொண்டு போகத் தெரியாதா? கையில் இருந்த இரண்டு தடியையும் மேலே உயர்த்தி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்க வேண்டுமா? மாரிகாலத்தில் கார்க் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டும்போதெல்லாம் கிறிஸ்துநாயகம் இதைத் தனக்குள் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டே இருந்தால் பிழை முழுக்கப் பஸ்தியாம்பிள்ளையுடையது என்று ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. ஆகவில்லை. பழி மட்டும்தான் அந்த மனிதனுடையது ஆனது.

இரண்டு பேரும் மன்னார்ப் பக்கம், ஒரே பங்குக் கோயில். கிறிஸ்துநாயகம் நாலு வயது மூப்பு, அதனால் 'அண்ணை'. பஸ்தியாம்பிள்ளை பத்தொன்பது வயதில் நாட்டை விட்டு வெளிக்கிட்டு, நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் போய் நின்றவர். ஆறு வருடம் அங்கே மீன் வெட்டினார். மாரியில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர். அந்த ஊர்ச் சனம் கடைக்குப் போவதும் பனியில் சறுக்குகிற ஸ்கீப் பலகையில், கோயிலுக்குப் போவதும் ஸ்கீயில். கூட வேலை செய்த கிழவன் ஒருவன் பழைய பலகைச் சோடி ஒன்றைக் கொடுக்க, இவரும் விழுந்தெழும்பிப் பழகிக்கொண்டார். பிறகு தவமணியைக் கட்டி டென்மார்க்கின் இக்காஸ்டுக்கு வந்தபோது, ஒரு சூட்கேசும் தோளில் இரண்டு நீளப் பலகைகளுமாக ரயிலால் இறங்கினார். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்து நின்ற தவமணியின் ஆட்கள் கட்டில் சட்டம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம்.

அங்கே மெத்தைத் தொழிற்சாலையில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். பஸ்தியாம்பிள்ளை டெனிஷை நோர்வே இழுப்பில் கதைப்பதால் டெனிஷ்காரர் அவரை 'நோர்வேக்காரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமை. ஆஸ்பத்திரிக்குப் போக மொழி தெரியாத கிழடுகட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், டொக்டருக்கு முன்னால் இருந்து மொழிபெயர்த்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார். உயிர்த்த ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்கு மேலால் குரலை எடுத்துப் பாடிக் குழுவைக் கெடுப்பார். பெரிய ஆள் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூப்பிட்டால் வருவார். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது மாசி. வன்னியில் சனம் ஷெல்லுக்குள்ளால் கடற்கரையைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டிருந்த நேரம். இங்கேயிருந்து எடுத்தால் அங்கே லைன் கிடைக்காது. அங்கேயிருந்துதான் வரும். சற்றலைற் போன் வைத்திருக்கிற இடத்தில் வரிசையில் நின்று ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கதைப்பார்கள். கிறிஸ்துநாயகத்தின் கைபேசி இலக்கத்தில் கடைசி நாலும் ஏழு. அதனால் பங்குச் சனம் முழுக்க அதைப் பாடமாக்கி வைத்திருந்தது. எடுக்கிறவர் தன் சங்கதியை மட்டும் சொல்லமாட்டார். வரிசையில் நிற்கிற பத்துக் குடும்பத்தின் சங்கதியையும் சேர்த்துச் சொல்வார். கிறிஸ்துநாயகம் அதைக் கொப்பியில் எழுதி, ரண்டர்ஸ், ஒடென்சே என்று ஒவ்வொரு இடமாக எடுத்து உரியவர்களுக்குச் சொல்லவேண்டும். இன்னார் இருக்கிறார், இன்னாருக்குக் காயம், இன்னார் இல்லை. ஆறு கிழமையாக அவருக்கு இதுதான் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட மனிதர். எழுத்துக் கோணும். ஆனாலும் எழுதினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், சூசைதாசன் போய்விட்டார் என்று செய்தி வந்தது. ரண்டர்சில் இருக்கும் அருமைநாயகியின் தம்பி பெயர் சூசைதாசன். எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் கைபேசியைக் காதைவிட்டுத் தூரப் பிடிக்கவேண்டியிருந்தது. முக்கால் மணித்தியாலத்தில் இன்னொரு அழைப்பு வந்தது. செத்தது இந்தச் சூசைதாசன் இல்லை, வள்ளக்காரர் வீட்டுச் சூசைதாசன். சூசையப்பர் பங்கில் வீட்டுக்கு வீடு சூசைதாசன்தான். ஊரில் எல்லாரும் தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். கிறிஸ்துநாயகம் அன்றைக்குக் கேட்கவில்லை. களைப்பில் மறந்துபோனார். திரும்ப எடுத்து மாறிச் சொல்லிவிட்டேன் என்றார். அருமைநாயகி ஏசவில்லை. அழுதழுது நன்றி சொன்னாள். அந்த நன்றிதான் அவரை உடைத்தது. அடுத்ததாக ஒடென்சேக்கு எடுத்து, வள்ளக்காரர் வீட்டு ஆட்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னார்.

அடுத்த நாள் சனிக்கிழமை, சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் ஊர்வலம். விடிய ஆறு மணிக்கு பஸ். பஸ் லிஸ்ற் வைத்திருந்ததும் கிறிஸ்துநாயகம்தான். வராதவர்களுக்குப் போன் எடுத்து வெட்கம் கெட ஏசுகிறவரும் அவர்தான். அந்த ஆள் வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, பஸ்தியாம்பிள்ளைக்கு எடுத்தார்.

"பஸ்தி, நாளைக்கு அங்க அருமைநாயகியும் வந்து நிப்பாள். எனக்கு அந்த முகத்தில முழிக்க ஏலாது. சனமில்லாத இடமாப் பாத்து எங்கயாவது என்னைக் கூட்டிக்கொண்டு போ."

பஸ்தியாம்பிள்ளையின் பெயரும் அந்த லிஸ்ற்றில் இருந்தது. தவமணியின் ஒரே அண்ணன் வன்னிக்குள் நின்றார். புருசனும் மனைவியும் ஒரு ஊர்வலம் தவறவிட்டதில்லை. பஸ்தியாம்பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்கட சப்பாத்து அளவு என்ன, அண்ணை?"

கிறிஸ்துநாயகம் மனைவி மேரிகிறேசிடம் ஓவர்டைம் என்று பொய் சொன்னார். கைபேசியையும் கொப்பியையும் அவளிடம் கொடுத்து, யார் எடுத்தாலும் தகப்பன் பெயரைக் கேள் என்று மூன்று தரம் சொன்னார். லிஸ்ற்றை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். பஸ்தியாம்பிள்ளை தவமணியிடம் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவுமில்லை. தவமணி தனியாகப் போய் பஸ்சில் ஏறினாள்.

இக்காஸ்டுக்கு வெளியே, ஊசியிலை மரத் தோட்டத்தைத் தாண்டினால் ஒரு வெட்டை. அதன் ஓரத்தில் ஹென்னிங்கின் வீடு. ஹென்னிங் மெத்தைத் தொழிற்சாலையில் இவர்களோடு நிற்கிறவன். வாய் திறக்கிறது குறைவு. அவன் ஸ்கீப் பலகையோடு இரவல் தந்த சப்பாத்து கிறிஸ்துநாயகத்துக்கு மூன்று அளவு பெரிது. மூன்று சோடி காலுறை போட்டு நிரப்பினார். பஸ்தியாம்பிள்ளை பலகைகளைக் கவிழ்த்துவைத்து, நடுவில் நீலமெழுகு, முன்னுக்கும் பின்னுக்கும் மெழுகுதிரி என்று விளக்கினார். நடுமெழுகு பனியைப் பிடிக்கும், மற்றது வழுக்கும் என்றார். கிறிஸ்துநாயகத்துக்கு யார் எதை விளக்கினாலும் பிடிக்காது. இவன் என்ன எனக்குப் படிப்பிக்கிறது என்று, மெழுகுதிரியை எடுத்து நுனியிலிருந்து நுனிவரை தேய்த்துவிட்டார்.

தடம் ஒன்றும் கிடையாது. முதல்நாள் விழுந்த பனி முழங்காலுக்குக் கிட்ட. காய்ந்த பற்றைகள் அங்கொன்று இங்கொன்றாக மேலே தலைநீட்டின. வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. சூடில்லாத வெயில், கண்ணைக் குத்துகிற வெளிச்சம். ஹென்னிங் முன்னால் கோடு போட்டுக்கொண்டு போக, பஸ்தியாம்பிள்ளை அதே கோட்டில் தண்ணீரில் போகிறதுபோலப் போனார். கிறிஸ்துநாயகம் சமதரையில் ஒருமாதிரிச் சமாளித்தார். சின்ன மேடு ஒன்று வந்தது. தட்டையான டென்மார்க்கில்கூட அதை ஒரு மேடு என்று சொல்லமாட்டார்கள். அவர் ஓரடி ஏற, பலகை இரண்டடி பின்னால் வழுக்கியது. மூச்சைப் பிடித்து இன்னும் ஓரடி வைத்தார். இன்னும் மூன்றடி பின்னால் போனார். மேட்டுக்கு மேலே நின்று பஸ்தியாம்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் பின்பக்கமாக் கொப்பன்ஹேகனுக்குப் போறியள்போல கிடக்கு."

கிறிஸ்துநாயகத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் அது பாதி வழியில் சிரிப்பாக மாறிப்போனது. ஆறு கிழமைக்குப் பிறகு வந்த சிரிப்பு. வயிறு நோகச் சிரித்தார். சிரிப்பிலேயே கால் பின்னி விழுந்தார். எழும்பினார், விழுந்தார். ஹென்னிங்கும் சிரித்தான். மத்தியானம் பனியைத் தட்டிவிட்டு ஒரு மரக்குற்றியில் இருந்து ஹென்னிங்கின் கோப்பி குடித்தார்கள். தவமணி பஸ்சுக்கென்று பொரித்த மீன் ரோல்சில் ஆறு பஸ்தியாம்பிள்ளையிடம் இருந்தது. கிறிஸ்துநாயகம் மூன்று தின்றார். எவ்வளவு ருசி என்று அவருக்கு இன்றைக்கும் ஞாபகம்.

திரும்பி வருகிற வழியில், தோட்டத்து ஓரம் ஒரு சின்னக் கார். கமராவோடு ஒரு பெண்பிள்ளை. வீட்டுக்கு வீடு சும்மா போடுகிற கிழமைப் பேப்பருக்குப் பனிப்படம் எடுக்க வந்தவள். கறுத்த மனிதர் ஸ்கீயில் வருவதைக் கண்டால் விடுவாளா? அவள் கமராவைத் தூக்கிய அதே நேரம், கிறிஸ்துநாயகம் இறக்கத்தில் தலைகுப்புறப் போய்ப் பனிக்குள் புதைந்தார். திரும்பிப் பார்த்த பஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தடி இரண்டையும் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவள் பெயர் கேட்டாள். தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். பனிக்குள் கிடப்பவர் யார் என்றாள். பனியைத் துப்பிக்கொண்டு எழும்பிய கிறிஸ்துநாயகம், சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

"நோர்வேயிலிருந்து வந்த சிநேகிதன்" என்று பஸ்தியாம்பிள்ளை டெனிஷில் சொன்னார்.

காரில் ஏறியதும் கிறிஸ்துநாயகத்துக்குக் குளிர் விட்டுப் பயம் பிடித்தது. பேப்பரில் வந்தால்? ஊர் என்ன சொல்லும்? மேரிகிறேஸ் என்ன சொல்வாள்? ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்று நின்றார். பஸ்தியாம்பிள்ளை சிரித்துக்கொண்டு, சரி, சொல்லமாட்டன் என்றார். அது காணாது என்றார் இவர். மடு மாதாவில் சத்தியம் பண்ணு என்றார். மன்னார்க்காரனுக்கு அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பஸ்தியாம்பிள்ளையின் சிரிப்பு நின்றது. காரை ஓரமாக நிறுத்தினார். கையை நெஞ்சில் வைத்து, தவமணிக்குக்கூடச் சொல்லமாட்டேன் என்று மடு மாதாவில் சத்தியம் பண்ணினார். பிறகு காரை எடுத்தார்.

புதன்கிழமை பேப்பர் வந்தது. முன்பக்கத்தில் அரைப்பக்கப் படம். வெயில், பனி, சிரிப்பு என்று மேலே மூன்று சொல். பஸ்தியாம்பிள்ளையின் முழுமுகமும் பல்லும். பின்னால் பனிக்குள்ளிருந்து ஒரு பின்பக்கமும் குறுக்காக இரண்டு பலகையும். டெனிஷ் வாசிக்கத் தெரியாதவர்களும் படம் பார்ப்பார்கள்தானே. பின்னேரத்துக்குள் இக்காஸ்டுத் தமிழர் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. சனம் சாகிற நேரம், மனைவியை பஸ்சில் ஏற்றிவிட்டு, வெள்ளைக்காரரோடு போய்ச் சறுக்கி விளையாடினவன்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வகுப்பறையில் அடுத்த ஊர்வலத்துக்கான கூட்டம். மகள் ஸ்ரெபானியைக் கூட்டிக்கொண்டு போக வந்த பஸ்தியாம்பிள்ளை, அவளுடைய குளிர்ச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒருவர் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் இரண்டாவது ஆள் யார் என்று கேட்டார்.

"நோர்வேயில இருந்து வந்த சிநேகிதன்" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

"உந்தக் குண்டியைப் பாத்தா நோர்வேக்காரன்ர மாதிரிக் கிடக்கேல்ல. எங்கட ஆக்களின்ர போலதான் கிடக்கு" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, அந்த நேரத்திலும் சனம் சிரித்தது. கிறிஸ்துநாயகமும் சிரித்தார். பஸ்தியாம்பிள்ளை இவர் இருந்த பக்கம் திரும்பவேயில்லை.

பிறகு, நாயகம், நீதானே லிஸ்ற் வைச்சிருக்கிறாய், நீ என்ன சொல்லுறாய் என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். தடிமன் என்று இருமியிருக்கலாம்.

"சனம் சாகேக்க சிரிக்கிற ஆளுக்கு என்ர பஸ்சில இடமில்லை."

அவருடைய குரல் அவருக்கே நல்ல கணீர் என்று கேட்டது. சனம் தலையாட்டியது. பேனையை எடுத்து, பஸ்தியாம்பிள்ளையின் பெயரின் மேல் இரண்டு கோடு இழுத்தார். ஸ்ரெபானி தகப்பனைப் பார்த்து டெனிஷில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். பஸ் சங்கதி என்று நோர்வே இழுப்பில் சொல்லி, அவளுக்குக் குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டு, பஸ்தியாம்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார்.

படம் வந்து ஒன்பதாம் நாள் தவமணியின் அண்ணன் ஷெல்லடியில் போனார். செய்தி கிறிஸ்துநாயகத்தின் நாலு ஏழு இலக்கத்துக்குத்தான் வந்தது. கிறிஸ்துநாயகம் இந்த முறை தகப்பன் பெயரை இரண்டு தரம் கேட்டார். போனில் சொல்ல மனமில்லாமல் வீட்டுக்கே போனார். தவமணி கதிரையில் இருந்தாள். கத்தவில்லை. சுவரில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள்.

"என்ர அண்ணை அங்க கிடந்து துடிக்க, நீங்கள் போய்ச் சிரிச்சனீங்கள்."

அண்ணன் செத்த நாள் வேறு, சிரித்த நாள் வேறு. அவளுக்கு இரண்டும் ஒரே நாள் ஆகிவிட்டது. ஊரும் அப்படித்தான் கதைகட்டியது. பஸ்தியாம்பிள்ளை ஒரே ஒருதரம் கிறிஸ்துநாயகத்தை நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சுகிற பார்வையுமில்லை, குற்றம் சொல்கிற பார்வையுமில்லை. இடம் விட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரு பார்வை. அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவனைக் கேட்டது நான்தான் என்று சொல்ல அரை நிமிடம் காணும். கிறிஸ்துநாயகம் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. பிறகு, நான் வாறன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. கோயிலில் செபம் வைத்தார்கள். பஸ்தியாம்பிள்ளை உள்ளே வர, வாங்கில் இருந்த ஒருவரும் ஒதுங்கி இடம் விடவில்லை. பின்சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். கிறிஸ்துநாயகம் முன்வரிசை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். ஊர் மெல்ல மெல்ல மறந்துபோனது. கிழடுகள் பழையபடி ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்குப் போன் எடுத்தார்கள். தவமணி மறக்கவில்லை. சமைத்தாள், தோய்த்தாள், காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருந்தாள். ஆனால் கோயிலில் அவரோடு ஒரே வாங்கில் இருக்கமாட்டாள். ஸ்ரெபானியின் உறுதிபூசுதல் பூசையில் எடுத்த படத்தில் தாய் ஒரு பக்கம், தகப்பன் மறுபக்கம், நடுவில் பிள்ளையும் சாமியாரும். கிறிஸ்துநாயகம் இதெல்லாவற்றையும் கண்ணால் கண்டார். தினமும் அதே மெத்தை மேசையில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தார். பஸ்தியாம்பிள்ளை தன் சாப்பாட்டுப் பெட்டியை நடுவில் திறந்துவைப்பார்; இவர் எடுத்துத் தின்பார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கமராவை ஏன் பார்த்தாய் என்று மனதுக்குள் மட்டும் ஏசிக்கொண்டார்.

பிறகு பஸ்தியாம்பிள்ளைக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிப்போனார். கிறிஸ்துநாயகம் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மத்தியானம், தவமணி கஞ்சி சூடாக்கக் கீழே போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கொஞ்ச நேரம் மெத்தைத் தொழிற்சாலைக் கதை, ஹென்னிங் பென்சன் எடுத்த கதை. பிறகு கிறிஸ்துநாயகம் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"பஸ்தி, நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எழும்பி நிண்டு சொல்லப்போறன். அந்த மற்ற ஆள் நான்தான் எண்டு. ஊருக்கு முன்னால சொல்லுறன்."

பஸ்தியாம்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

"ஊருக்கு என்னத்துக்கு அண்ணை? அது மறந்து கனகாலம். இப்ப நீங்கள் சொன்னா, நல்ல மனுசன், ஒத்துக்கொண்டான் எண்டு உங்களைத்தான் புகழுவினம்."

கிறிஸ்துநாயகத்துக்கு முகம் சுட்டது. அவன் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்தது. எழும்பி நின்று சொல்கிற காட்சியை அவர் கார் ஓட்டும்போது பலதரம் நினைத்துப் பார்த்திருக்கிறார். அதில் சனம் அழுவதுகூட இருந்தது.

"தவமணிக்குச் சொல்லுங்கோ" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "அவளை பஸ்சில விட்டிட்டு நான் சந்தோசம் தேடிப் போனனெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நான் போன பிறகும் அதை வைச்சுக்கொண்டுதான் இருப்பாள். சிரிச்சது உண்மைதான், அதுக்கு நான் ஒண்டும் சொல்லேலாது. நீங்கள் விழுந்த விழுகை அப்பிடி. ஆனா நான் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனனான். அது அவளுக்குத் தெரியவேணும்."

நீயே சொல்லியிருக்கலாமே, நான் உன்னைத் தடுத்தேனா என்று கிறிஸ்துநாயகம் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"நான் மடு மாதாவில சத்தியம் பண்ணினனான். அதை உடைச்சுக்கொண்டு போய்ச்சேர எனக்கு விருப்பமில்லை. நீங்கள் ஒரு சத்தியமும் பண்ணேல்லைத்தானே."

வெளியே நடைவழியில் தவமணியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் காலை இழுத்து இழுத்து நடப்பாள், தூரத்திலேயே தெரிந்துவிடும். கிறிஸ்துநாயகம் எழும்பிக் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு கதிரையின் நுனியில் திரும்ப இருந்தார். பஸ்தியாம்பிள்ளை குழாய் பூட்டிய கையை மெல்ல உயர்த்தி இவருடைய சட்டைக் கையைப் பிடித்தார். தானாகத் திரும்ப அவருக்குப் பலம் இல்லை.

"அண்ணை, முதல்ல என்னை அங்கால சுவர்ப்பக்கம் திருப்பி விடுங்கோ, அவளின்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது. பிறகு அவளுக்குச் சொல்லுங்கோ."